வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுல ஓடுற ஆம்ப்ளிஃபயர்) பார்ட்ஸ் ஆன்லைன்ல வாங்குறவங்க இதப் படிச்சிட்டு வாங்குங்க, எனக்கு 14,600 ரூபா போச்சு

இன்னைக்கு காலைலதான் சந்தேகமில்லாம தெரிஞ்சுது, இன்னும் கோவம் அடங்கல, அதனால பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பேரு போட மாட்டேன். பழைய ரேடியோ, வால்வு சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் பக்கம், அவ்ளோதான். கடைசில எப்படி சோதிச்சு வாங்கணும்னும் சொல்றேன்.

நான் சர்ச்சுல கிட்டார் வாசிக்கிறவன். சொந்தமா ஒரு வால்வு ஆம்ப் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. ஃபெண்டர் கம்பெனியோட சாம்ப் 5எஃப்1ங்குற சின்ன கிட்டார் ஆம்ப் சர்க்யூட், சத்தத்த முதல்ல பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கர ஓட்ட ஒரு 6வி6, ஏசிய டிசியா மாத்துற ரெக்டிஃபயருக்கு ஒரு 5ஒய்3, மூணே வால்வு. எல்லாத்தையும் தாங்குற உலோக சேஸிஸ் நானே வளைச்சு துளை போட்டேன். வால்வு, டிசியில மிச்சமிருக்குற அலைய வடிகட்டுற ஃபில்டர் கண்டன்சர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்த்து அந்தப் பக்கம் நடத்துறவர்கிட்ட வாங்கினேன், 14,600 ரூபா, முழுசும் முன்பணம்.

ஏன் நம்பினேன்னா அவர் பேசின விதம். முக்கால் மணி நேரம் போன்ல பேசினார். "தம்பி, உங்க அப்பா வீட்ல வால்வு ரேடியோ இருந்துச்சா, அந்த சத்தம் மறக்க முடியுமா"ன்னு கேட்டார். எங்க அப்பா போய் 2 வருஷம்தான் ஆகுது, அவர் அந்த ரேடியோவ தொடச்சு தொடச்சு வெப்பார். அதச் சொன்னேன். "நீங்க நம்ம ஆளு தம்பி, உங்களுக்கு பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்தான் தருவேன், கண்டன்சர் புதுசு"ன்னார். வால்வு டெஸ்டர்ல முள்ளு பச்சைக்குப் போற வீடியோ கூட அனுப்பினார். அண்ணான்னு கூப்பிட்டு ஜிபே பண்ணேன். அந்த நிமிஷத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

சாமான் வந்துச்சு, சால்டர் வெச்சு பத்தவெச்சேன், ஆன் பண்ணேன். ம்ம்ம்ம்னு ஒரே ஹம்மு. வால்யூம ஜீரோவுக்கு கொண்டு வந்தாலும் அதே ஹம்மு, கிட்டார் வயர உருவினாலும் அதே ஹம்மு. வால்யூமக் கூட்டினா அதோட சேர்ந்து ஒரு டிங்ங்னு மணிச் சத்தம் வேற.

அண்ணாவுக்கு போன் பண்ணேன். "ஹீட்டர் ஒயரிங் சரியில்ல தம்பி"ன்னார். வால்வ உள்ள சூடாக்குற ஹீட்டருக்குப் போற வயர் மொத்தத்தையும் கழட்டி இறுக்கமா முறுக்கி சேஸிஸ் மூலையோட ஒட்டி ஓட்டினேன், ரெண்டு பக்கத்துல இருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் வெச்சு எர்த் பண்ணேன். ஹம்மு குறையல. அடுத்து "எர்த் பாயிண்ட் தப்பு"ன்னார், எல்லா எர்த்தையும் திரும்ப எடுத்து இன்புட் ஜாக்க சேஸிஸ்ல இருந்து பிரிச்சேன். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர திருப்பி வைக்கச் சொன்னார், பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு குறுக்கா திருப்பி வெச்சேன், புது துளை போட்டு. மூணு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதுலயே போச்சு, என் கையிலதான் கோளாறுன்னு நானே நம்பிட்டேன், அதுதான் பணத்த விட அதிகமா வலிக்குது. கடைசியா "வால்வுன்னா ஹம்மு இருக்கத்தான் செய்யும், அது பிடிக்கலன்னா டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்குங்க"ன்னு சொல்லி வெச்சிட்டார். 14,600 ரூபா வாங்கினவர் சொல்ற பதில் இது.

எங்க தெருவுல 70 வயசு தாண்டின ரேடியோ மெக்கானிக் தாத்தா ஒருத்தர் இருக்கார். ஆம்ப தூக்கிட்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஹம்மு எந்த சுருதிப்பா?" கிட்டார எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட், ஜி, அதுக்கு கொஞ்சூண்டு மேல. அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். அப்போ ஹம்மு 100. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டரோ வயரோ இழுத்தா 50ல கேக்கும், ரெக்டிஃபயர் தாண்டி வர்றதுதான் 100. "இது உன் ஒயரிங் இல்ல, கண்டன்சர்"னு சொல்லிட்டார். 12ஏஎக்ஸ்7ஐ கழட்டியும் பாத்தார், ஹம்மு அப்படியே இருந்துச்சு. பவர ஆஃப் பண்ணி, சார்ஜ் இறக்கி, அவர்கிட்ட இருந்த 22 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கண்டன்சர முதல் ஃபில்டருக்கு பேரலல்லா கொடுத்து ஆன் பண்ணார். ஹம்மு பாதிக்கு மேல அடங்கிடுச்சு. சாம்ப்ல அவுட்புட் வால்வு ஒண்ணே ஒண்ணு, ரெண்டு வால்வு மாறி மாறி இழுக்குற ஆம்ப் மாதிரி ரிப்பிள் (அந்த 100 ஹெர்ட்ஸ் அலை) தானா அடிபட்டுப் போகாது, ஃபில்டர் நல்லா இருந்தாத்தான் உண்டு.

வீட்டுக்கு வந்து அந்த "புது" கண்டன்சர கழட்டி, மேல இருந்த நீல உறைய பிளேடால கிழிச்சேன். உள்ள இன்னொரு உறை. பழசு, மங்கினது. வெளிய 22 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், உள்ள 10 மைக்ரோஃபாரட் 350 வோல்ட்! என் ஆம்ப்ல அந்த இடத்துல 360 வோல்ட் ஓடுது. வெடிச்சிருந்தா? மூணு வாரமா அதுக்கு மேல குனிஞ்சு உக்காந்திருந்தேன். பக்கத்துல என் பொண்ணு டார்ச் புடிச்சிட்டு நின்னா.

மணிச் சத்தம் 12ஏஎக்ஸ்7ல இருந்துதான். பென்சிலால தட்டினா ஸ்பீக்கர்ல டிங்னு அடிக்குது. பின்னுல சாக்கெட் ஏறி எறங்கின கோடு கோடா இருக்கு, மேல இருக்குற எழுத்து விரல்ல தேச்சா அழிஞ்சு வருது. பெட்டி பிரிக்காத ஸ்டாக்காம்.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். "பத்தவெச்சா ரிட்டர்ன் இல்ல, பில்லுல இருக்கு"ன்னு ஒரு வரி பதில். பத்தவெக்காம கண்டன்சர எப்படிங்க ஆம்ப்ல போட்டுப் பாக்குறது? திரும்பவும் எழுதினேன், ப்ளாக் பண்ணிட்டார். 14,600.

சோதனை முறை விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இது போதும். கண்டன்சர் கடைல பேர் தெரிஞ்ச கம்பெனி புதுசு மட்டும் வாங்குங்க, வந்ததும் பத்தவெக்கிறதுக்கு முன்னாடி மீட்டர்ல அளங்க, உறை ஓரத்த நகத்தால தூக்கிப் பாருங்க. வால்வு பின்னுல கோடு இருக்கான்னு பாருங்க. டெஸ்டர் வீடியோவ நம்பாதீங்க, உங்களுக்கு வர்ற வால்வுதான் அதுன்னு என்ன நிச்சயம். முழு முன்பணம் வேண்டாம். உள்ள கை வெக்கிறதுக்கு முன்னாடி கண்டன்சர் சார்ஜ ரெசிஸ்டர் வெச்சு இறக்கி மீட்டர்ல பாருங்க, ஆஃப் பண்ணினாலும் அடிக்கும். ஹம்மு வந்தா முதல்ல சுருதி பாருங்க, 100ன்னா யார் சொன்னாலும் ஹீட்டர் வயர கழட்டாதீங்க.