பித்தப்பை நீக்கிய பின் கூடிக்கொண்டே போகும் வலியை ‘வாயு’ என்றால் நம்பாதீர்கள்

லேப்ராஸ்கோபி முறையில் (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்வது) பித்தப்பையை அகற்றிக்கொள்ள இருப்பவர்களும், அவர்களை வீட்டில் உடனிருந்து கவனிக்கப்போகிறவர்களும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் அக்காவை இந்த அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் வலி தணியவில்லை, கூடியது; வயிறு உப்பியது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம், வயிற்றை விரிப்பதற்காகச் செலுத்திய வாயுதான் காரணம், நடந்தால் சரியாகிவிடும் என்றே பதில் வந்தது. கரியமில வாயுவைச் செலுத்துவதும் அதனால் தோள்பட்டை வரை வலி எடுப்பதும் உண்மைதான் என்றாலும், அந்த வலி சில நாள்களில் குறைந்துகொண்டே வர வேண்டும். காய்ச்சலோடு வளரும் வலிக்கு, பரிசோதிக்காமலே வாயுவைக் காரணம் காட்டுவது அலட்சியம். கண்கள் மஞ்சளித்த பிறகு வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கியிருந்தது தெரிந்தது. முக்கியப் பித்தநாளம் வெட்டுப்பட்டிருந்தது.

பித்தப்பையிலிருந்து வரும் சிறு நாளத்தையும் அதற்கான ரத்தக்குழாயையும் மட்டுமே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அழற்சியால் திசுக்கள் ஒட்டிக்கிடக்கும்போது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளத்தையே அந்தச் சிறு நாளமாக எண்ணி வெட்டிவிடுவது உண்டு. இம்முறையில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு இந்த நாளத்தில் காயம் ஏற்படுகிறது. பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே குழாய்கள் என்பதைக் கண்ணால் உறுதிசெய்த பிறகே வெட்ட வேண்டும் என்ற நெறியை ஸ்ட்ராஸ்பர்க் என்ற அறுவை மருத்துவர் 1995-இல் தம் குழுவினருடன் வகுத்தார். அப்படித் தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்யலாம், அல்லது பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். தேர்ந்த கைகளிலும் நேரக்கூடிய விபத்து இது என்பதால், வெட்டுப்பட்டதை மட்டும் வைத்து நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. நோயாளி மீண்டும் மீண்டும் சொல்லியும் ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் தட்டிக்கழித்ததுதான் என் புகார்.

நடந்தது தெரிந்த பிறகு, கட்டணம் இல்லாமல் தாங்களே மறுபடி திறந்து சரிசெய்வதாக முதல் மருத்துவமனை முன்வந்தது. நாங்கள் மறுத்துவிட்டோம். சிறு நாளத்தின் முனையிலிருந்து கசிவது மட்டுமே என்றால், பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாக (வாய்வழியே குழாய் செலுத்தி) ஸ்டென்ட் என்ற சிறு குழாயை நாளத்துக்குள் வைத்தே சரிசெய்துவிடலாம். முக்கிய நாளம் முழுவதும் அறுபட்டிருந்தால், சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு இணைக்க வேண்டும். இதைக் கல்லீரல், பித்தநாள அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் செய்யும்போதே பலன் நன்றாக இருக்கிறது. அக்காவுக்குத் தேங்கியதை வடித்து, தொற்று அடங்கிய பிறகு அந்த இணைப்பைச் செய்தார்கள். அது பல ஆண்டுகள் கழித்தும் சுருங்கக்கூடும் என்பதால், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்கிறாள்.

முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் ‘சிக்கலின்றி முடிந்தது’ என்றே இருக்கிறது. எந்த நாளத்தில், எங்கே கிளிப் போட்டார்கள் என்பதை இரண்டாம் மருத்துவர் அறிய விரும்பியபோது, அந்தத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுத்தில் கேட்டும் முழு அறுவைக் குறிப்பு இன்னும் வரவில்லை. காணொளி பதிவாகவில்லை என்கிறார்கள். வீடு திரும்பும் முன்பே அறுவைக் குறிப்பின் நகலையும், இரவிலும் மருத்துவரே எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.