வெபாஸ்டோ ஏர் டாப் 2000 எஸ்டிசி: டிரக்கில் தூங்க எஞ்சின் ஓட வேண்டியதில்லை

கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான் பக்கம் ஜனவரி இரவில் மைனஸ் 25 டிகிரி சாதாரணம். ஒருவர் கேபினில் தூங்குவதற்காக 15 லிட்டர் எஞ்சினை விடிய விடிய ஐடிலில் போட்டால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் போகும். டீசல் போனால் போகட்டும் என்றாலும் எஞ்சின் தாங்காது. 600, 700 ஆர்பிஎம்மில் சிலிண்டருக்குப் போதிய சூடு ஏறாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி, கரி பிடித்து அடைக்கும்.

இதற்கு மாற்றுதான் வெபாஸ்டோ ஏர் டாப் 2000 எஸ்டிசி: எஞ்சின் ஓடாமலே, தானே டீசலை எரித்துக் கேபினுக்குச் சூடான காற்று தரும் ஹீட்டர். படுக்கைக்கு அடியில் பொருத்தும் இதன் எடை 2.6 கிலோதான். உச்ச வெப்பம் 2 கிலோவாட். டீசல் செலவு மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர், பத்து மணி நேரம் முழுவீச்சில் ஓடினாலும் இரண்டரை லிட்டரைத் தாண்டாது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. ஆனாலும் கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். வண்டியைச் சுற்றிப் பனி குவிந்தால் புகைக்குழாய் வாய் அடைபடும்.

ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஃபேன் மெல்லச் சுற்றும், தீ பற்றவைக்கும் க்ளோ பின் பழுக்கும், பிறகு டீசல் பம்ப் 'டிக், டிக்' என்று துடிக்கும். சில நிமிடத்தில் சூடான காற்று வரும். ஓடும்போது 14 முதல் 29 வாட்தான் என்றாலும், அந்தத் தொடக்க நிமிடங்களில் க்ளோ பின் பேட்டரியை நன்றாக இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ வயர் மெலிதாக இருந்தாலோ மின்னழுத்தம் விழுந்து எஃப்03 என்ற கோளாறுக் குறியீடு காட்டும்.

அதிகம் வருவது எஃப்01, அதாவது தீ பற்றவில்லை. பெரும்பாலும் காரணம் கரி. எப்போதும் குறைந்த சூட்டிலேயே வைத்திருந்தால் எரியறையில் கரி படியும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓட்டுங்கள். கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம். அணைத்த பிறகு ஃபேன் தானாக நிற்கும்வரை மெயின் ஸ்விட்சைத் தொடக்கூடாது. பாதியில் மின்சாரத்தை வெட்டினால் உள்ளே தேங்கிய சூடு பாகங்களைக் கெடுக்கும்.

பொருத்தும்போது பம்பின் வெளிவாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி தங்கித் தீ அணையும். எஞ்சினுக்குப் போகும் டீசல் லைனில் கிளை பிரிக்காமல், டேங்கிலிருந்து தனிக் குழாய் எடுப்பதே நல்லது. கோடை டீசல் குளிரில் மெழுகாகித் திரண்டால் அந்த மெல்லிய குழாயும் அடைபடும் என்பதால் குளிர்கால டீசல் அவசியம்.

இது எஞ்சினைச் சூடாக்காது. அதற்கு, எஞ்சினில் பொருத்தியிருக்கும் மின் ஹீட்டரான பிளாக் ஹீட்டரைக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே 120 வோல்ட் பிளக்கில் மாட்டிவிட வேண்டும். பெரிய ஸ்லீப்பர் கேபினில் மைனஸ் 35-க்கு 2 கிலோவாட் திணறும்; முன்பக்கத் திரையை இழுத்து மூடிப் பாருங்கள், அதுவும் போதவில்லை என்றால் 4 கிலோவாட் மாடலுக்குப் போங்கள்.