ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கழற்றும் வேலை: ஐந்துக்கு மூன்று

ஏற்காட்டில் என் மகள் படிக்கும் பள்ளியின் பழைய கூரையைக் கழற்ற, சேலத்திலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். பெற்றோர் தரப்பில் கூடவே நின்று பார்த்தது நான்.

பிள்ளைகள் இல்லாத மே விடுமுறையில் வந்தது நல்லது. சோப்புத்தண்ணீரைத் தூறல் மாதிரி தெளித்து, ஷீட் ஊறிய பிறகுதான் கை வைத்தார்கள். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி மாதிரியான ஜே போல்ட் ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. மேலே இருந்த தம்பி சுத்தியலைத் தொடவில்லை. கட்டரால் போல்ட்டை மட்டும் நறுக்கிவிட்டு, ஷீட்டை முழுசாக இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அந்தப் பொறுமைக்கே இரண்டு நட்சத்திரம்.

ஆனால் முகத்தில் கட்டியிருந்தது வெறும் துண்டு! ஷீட்டிலிருந்து பறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார்த்தூசிக்குத் துண்டு எம்மாத்திரம்? கேட்டால், "இருபது வருசமா இப்படித்தானுங்க, ஒண்ணும் ஆகல" என்றார் மேஸ்திரி. நோய் வெளியே தெரியவே 20, 30 வருடம் ஆகுமே! எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறுநாள்தான் சரியான மாஸ்க் வந்தது.

சாயங்காலம் ஒருவர் துடைப்பத்தை எடுத்தார். பெருக்கினால் தூசி பறக்குமே என்று பதறிப்போய் நிறுத்தினேன். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கழிவோடு கட்டச் சொன்னேன். இன்னொருவர் ஆட்டுக்கொட்டகைக்கு நாலு ஷீட் கேட்டார். தரவில்லை, அவருக்குக் கோபம்தான்.

ஷீட்களைத் தடிமனான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றினார்கள்; ஒன்றும் உடையாமல் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரி இறங்கியது. அபாயக் கழிவுக் கிடங்கின் ரசீதுக்குத்தான் நாலு தடவை போன் போட வேண்டியிருந்தது. கையில் வாங்கிய பிறகே மீதிப் பணம் கொடுத்தோம்.