மேல் இலையா, கீழ் இலையா? மாடித்தோட்டத்தில் 8 வருஷ உர அனுபவம்

குண்டுமல்லி வெளுத்துப் போன வருஷத்தில்தான் நான் உரத்தைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அது 2019. பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் அரை டிரம்மில் வைத்திருந்த செடி, சித்திரை பிறந்ததிலிருந்து விட்ட தளிரெல்லாம் மஞ்சளாகவே விட்டது. இலை மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று யாரோ சொன்னது மனதில் பதிந்திருந்தது. கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினேன். பத்து நாளாகியும் மாற்றம் இல்லை. மண்புழு உரம் இரண்டு கை அள்ளிப் போட்டேன். பூவும் குறைந்துவிட்டதே என்று எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் வைத்தேன். தளிர் இன்னும் வெளுத்து, கடைசியில் காகித நிறத்துக்கு வந்துவிட்டது.

உரக்கடை அண்ணாச்சியிடம் போய், இதைவிடச் சத்தான உரம் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். அவர் மூட்டைப் பக்கம் திரும்பவே இல்லை.

"டீச்சர், மஞ்சள் மேல் இலையிலயா, கீழ் இலையிலயா?"

"மேலதான் அண்ணாச்சி, தளிர்ல."

"நரம்பு மட்டும் பச்சையா இருக்கா?"

"ஆமா."

"அப்போ புண்ணாக்குக்கு அங்க வேலையே இல்ல. எந்தத் தண்ணி ஊத்துதீங்க?"

போர் தண்ணீர் என்று சொன்னதும், கால் கிலோ அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த 8 வருஷத்தில் நான் காசு கொடுத்து வாங்கிய எந்த உரத்தைவிடவும் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

அதன் காரணம் இதுதான். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), மக்னீசியம் இவை நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி, புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் வாடும். இரும்பு, கால்சியம், போரான் அப்படி நகராது. ஒரு இலையில் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அதனால் அந்தப் பற்றாக்குறை தளிரிலும் குருத்திலும் தெரியும். அடி இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்தைப் பாருங்கள். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அதே கோலம் தளிரில் இருந்தால் பெரும்பாலும் இரும்பு. இலை ஓரம் தீய்ந்ததுபோல் காய்ந்தால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். உப்பு ஏறியதாகவும் இருக்கலாம். இந்த இரண்டைப் பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு வெகுநாள் ஆனது.

மல்லிக்கு வருவோம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம், சாயங்கால வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிப்பு. ஒரு வாரத்தில் துளி பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சை பிடித்தது. அதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்து வந்த தளிர் மறுபடியும் வெளுப்பாகவே வந்தது. மாதம் ஒரு முறை தெளித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மூன்று வாரம் நான் மாடிக்கே சரியாகப் போகவில்லை, எந்த உரமும் வைக்கவில்லை. மழை ஓய்ந்து போய்ப் பார்த்தால் மல்லி கரும்பச்சையாக நிற்கிறது.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. எங்கள் டிரம்களிலும் செடிப் பைகளிலும் இருப்பது செம்மண். அதன் சிவப்பே இரும்பால் வந்ததுதான். எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான். அதை நாள்தோறும் ஊற்ற ஊற்ற மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பைச் செடி எடுக்க முடியாத வடிவத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. போர் தண்ணீர் நின்று மழைநீர் கிடைத்ததும் மல்லி தேறியது அதனால்தான். தண்ணீரைப் பரிசோதித்தபோது பி.எச். 8.1 என்று வந்தது (7-க்கு மேல் என்றால் காரம்). நான் பூவுக்காக வைத்த எலும்புத்தூளும் சூப்பரும் நிலைமையை மோசமாக்கியிருந்தன. மணிச்சத்து மிதமிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைப்பது இன்னும் குறையும்.

2020 முதல் மல்லி, கருவேப்பிலை, எலுமிச்சை மூன்றுக்கும் மழைநீரோ தாமிரபரணி குடிநீரோதான். இரண்டு டிரம்மில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். அது தீர்ந்த கோடையில் மட்டும் இரும்புச் செலேட் (இரும்பைச் செடி எடுக்கும்படி பிடித்து வைத்திருக்கும் உரம்) வாங்குகிறேன். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இ.டி.டி.ஏ. வகை. இலையில் தெளிக்க அது போதும். காரமான மண்ணில் ஊற்றினால் சீக்கிரமே பிரிந்து பயனில்லாமல் போகும். மண்ணில் ஊற்றுவதென்றால் இ.டி.டி.எச்.ஏ. என்று கேட்டு வாங்குங்கள். அடர்சிவப்பாக இருக்கும், விலை பல மடங்கு. ஒரு டிரம்முக்கு 5 கிராம் போட்டாலே எனக்கு ஒரு கோடை ஓடிவிடுகிறது.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன். 2017 ஆடியில் 6 பைகளோடு ஆரம்பித்தேன். இப்போது 45 பைகளும் 4 டிரம்களும் இருக்கின்றன. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, புடலை, அவரை, கீரை. முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் இயற்கை உரம்தான். அதன் பிறகு கரையும் உரங்களையும் அளவோடு சேர்த்துக்கொண்டேன்.

முதல் அடி தென்னைநார்க் கழிவில் விழுந்தது. கட்டியாக வாங்கி, ஊற வைத்து உதிர்த்து, பாதிக்குப் பாதி மண்ணோடு கலந்து கத்தரி நட்டேன். ஒரு மாதமாகியும் செடி நட்ட உயரத்திலேயே நின்றது. மக்காத நார்க்கழிவில் கார்பன் தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. அதோடு உப்பு வேறு. இப்போது நார்க்கழிவை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுகிறேன். பிறகு 10 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி ஒரு தடவை அலசுகிறேன். கலவையில் கால் பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு நாற்று சோர்ந்து நிற்பதைப் பார்க்கவே இல்லை.

கடலைப் புண்ணாக்கு. மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் முதலில் பழகும் உரம் இதுதான், எனக்கும் பிடித்ததுதான். ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. அதாவது 100 கிராம் புண்ணாக்கில் இருப்பது, தழை, மணி, சாம்பல் மூன்றும் 19 சதவீதம் உள்ள 19:19:19 உரத்தில் 37 கிராமில் இருக்கும் தழைச்சத்துக்குச் சமம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் வாராவாரம் அள்ளி ஊற்றுவது எவ்வளவு அதிகம் என்று விளங்கியது. 2018-இல் அப்படித்தான் ஊற்றினேன். கத்தரி இலை முறம் மாதிரி விரிந்தது, பூ இல்லை. இளந்தண்டு முழுக்க அசுவினி அடை அடையாக அப்பியது. தழைச்சத்து மிஞ்சினால் தளிர் மெத்தென்று இருக்கும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து. இப்போது 200 கிராமை 2 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் புளிக்கவைத்து, தெளிவை 20 லிட்டராக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு பைக்கு அரை லிட்டர். அதுவும் பூ எடுக்கும் வரைக்கும்தான். புண்ணாக்கைக் கட்டியாக வேரோரம் புதைக்கவே வேண்டாம். மக்கும்போது சூடேறும், எறும்பு கூடு கட்டும், எலி தோண்டும். எனக்கு மூன்றும் நடந்தது.

வேப்பம் புண்ணாக்கை உரமாக மட்டும் எண்ணி வாங்காதீர்கள். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தும்போது பைக்கு 50 கிராம் கலந்து, ஈரமாக 15 நாள் விட்டுவிட்டு நடுகிறேன். முன்பு வெண்டையையும் தக்காளியையும் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். அது நூற்புழு வேலை. இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒரு வருஷம்கூட இதை நிறுத்தமாட்டேன்.

மண்புழு உரத்தில் தரம்தான் பிரச்சினை. நான் வாங்கியதில் நல்லது கருப்பாக, தேத்தூள் மாதிரி உதிரும், மழை பெய்த மண்ணின் வாசனை வரும். ஒரு முறை வந்தது பாதி மணல். இன்னொரு முறை மக்காத சாணி. இப்போது ஒரு கை ஈரமாக்கிப் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டை எடுக்கிறேன். சத்து சதவீதம் குறைவுதான், ஆனாலும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதற்கு இதற்கு மாற்று எனக்குக் கிடைக்கவில்லை.

பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம், என்ற அளவில் 5 வருஷமாகத் தெளிக்கிறேன். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய முறைப்படி, வீட்டுக்குத் தக்கபடி அளவைச் சுருக்கிச் செய்கிறேன். புடலையிலும் அவரையிலும் பூ பிடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மீனை வெல்லத்தோடு புளிக்கவைத்த மீன் அமிலமும் நல்லதே, லிட்டருக்கு 3 மில்லிக்கு மேல் போகாமல். ஆனால் இரண்டையும் சாப்பாட்டுக்குப் பதிலாக நினைக்கக்கூடாது. பசித்த செடிக்கு இவை மட்டும் கொடுத்த பருவத்தில் எனக்குக் காய் சிறுத்துத்தான் வந்தது.

கரையும் உரங்களுக்கு நான் மாறியது 2020-இல். செடி வேர் வழியாகத் தழைச்சத்தை எடுப்பது பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் அமோனியமாகவும்தான், அது சாணியிலிருந்து வந்தாலும் உரப் பொட்டலத்திலிருந்து வந்தாலும். ஆனால் பொட்டலத்தில் வருவது உடனே கிடைப்பதால், தவறும் உடனே நடக்கும். நடவு செய்து 20 நாள் கழித்து 19:19:19 லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளி. பூ வந்ததும் 13:0:45 அதே அளவில். மண் ஈரமாக இருக்கும்போது மட்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் பொசுங்கும். மாதம் ஒரு முறை அடித் துளையில் தண்ணீர் தாராளமாக வழியும்வரை வெறும் தண்ணீர் விட்டு உப்பை அலசிவிட வேண்டும். பை ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் உரத்தை நிறுத்திவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

சிவப்பு பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) வயலுக்குச் சரி. என் பைகளில் அது மிளகாய் இலை ஓரத்தைக் கருக்கியது. குளோரைடு சேர்கிறது, வயலைப்போல ஆழமாக இறங்கிப் போக இடமில்லை. இன்னும் ஒன்று, பொட்டாஷ் கூடினால் மக்னீசியம் எடுப்பது தடைபடும்; அந்த மிளகாயின் அடி இலையில் நான் பார்த்த மஞ்சள் கோலம் அதுதான். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் இரண்டு முறை தெளித்ததும் சரியானது. இப்போது பொட்டாஷ் தேவைப்பட்டால் சல்பேட் வகை மட்டும்.

தக்காளியின் அடிப்பாகம் கருத்து அழுகுவது பற்றிப் பல பேர் கேட்கிறார்கள். கால்சியம் குறைவு என்பது உண்மை. அதற்காக முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு இரண்டு கோடையை நான் வீணாக்கினேன். முட்டை ஓடு சுண்ணாம்புதான், எங்கள் மாதிரி காரமான மண்ணில் கரையவே கரையாது. பையில் கால்சியம் ஏற்கெனவே இருந்தது. தண்ணீரோடுதான் அது காய்க்கு ஏறும். ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று விட்டால் காய்க்குப் போய்ச் சேராது. அக்னி நட்சத்திரத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் அளவாகத் தண்ணீர், மேலே காய்ந்த இலை மூடாக்கு, பச்சை வலை நிழல். அழுகல் நூற்றில் ஐந்தாறு காயாகக் குறைந்துவிட்டது. கால்சியம் நைட்ரேட்டும் தருகிறேன், ஆனால் தனியாக. ஒரு முறை எப்சம் உப்போடு ஒரே கேனில் கெட்டியாகக் கரைத்தேன். பால் மாதிரி திரிந்து, அடியில் ஜிப்சமாகப் படிந்து, தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொண்டது. மணிச்சத்து உரங்களோடும் அதைச் சேர்க்கக்கூடாது.

ஒரே ஒரு வாங்கலுக்காக இன்னும் வருந்துகிறேன். "எல்லாச் செடிக்கும் ஒரே டானிக்" என்று ஒரு புட்டி, 450 ரூபாய். தழை, மணி, சாம்பல் எத்தனை சதவீதம் என்று எங்கேயும் அச்சிடவில்லை. ஆறு பைக்கு ஊற்றி, ஆறு பைக்கு ஊற்றாமல் இரண்டு மாதம் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. உரம் என்று விற்பதில் சத்தின் அளவும் தயாரித்த மாதமும் பொதியில் இருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையே அப்படித்தான் சொல்கிறது. அது இல்லாத எதையும் நான் இப்போது கையில் எடுப்பதில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி கருவேப்பிலைக்குப் புளித்த மோர்தான் ஊற்றுவார். முப்பது வருஷ மரம், எங்கள் தெருவுக்கே இலை கொடுக்கிறது. மோரின் புளிப்பு வேரோரக் காரத்தைக் கொஞ்ச நாளுக்காவது தணிக்கும் என்பது என் எண்ணம். "தண்ணி சப்புனு இருந்தா மரம் குடிக்காதுட்டி" என்பார். இந்தக் கோடையில் என் டிரம் கருவேப்பிலையில் பாதிக் கிளைகளுக்கு அன்னபேதி தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு முறை வேருக்கு மோர் ஊற்றி வருகிறேன். ஐந்து வாரம் ஆகிறது. தெளிக்காத கிளைகளிலும் தளிர் இதுவரை பச்சையாகத்தான் விடுகிறது. ஆடி முடிந்ததும் நிலவரத்தைச் சொல்கிறேன்.