டெஸ்டிங் அருமை, லென்ஸ்தான் கோணிப்போச்சு

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கண்ணாடிக் கடை, பேர் வேண்டாம். மூன்றாவது படிக்கிற என் பையன் போர்டைப் பார்த்து எழுதும்போது 'ப'வையும் 'ய'வையும் மாற்றி எழுதுகிறான் என்று டீச்சர் சொன்னதால் கூட்டிப் போனேன்.

டெஸ்ட் செய்தவருக்கு ஐந்துக்கு ஐந்து. கம்ப்யூட்டரில் பார்த்த கையோடு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற ஆள் இல்லை. கடிகாரம் மாதிரி சுற்றிலும் கோடு போட்ட அட்டையைக் காட்டி, "எந்தக் கோடு நல்லா கருப்பா தெரியுது கண்ணு?" என்றார். "பன்னெண்டும் ஆறும்ணா, மூணு மணிக் கோடு சாம்பல் பூசின மாதிரி இருக்கு" என்றான். சிலிண்டர் மைனஸ் 1.75, ஆக்சிஸ் 180. சிலிண்டர் என்றால் ஒரு திசைக் கோடு மட்டும் மங்குகிற குறையைத் திருத்தும் பவர், ஆக்சிஸ் என்றால் அந்தப் பவர் லென்ஸில் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது.

இந்த வயசிலேயே கண்ணாடியா என்று இழுத்தேன். "படுக்கைக் கோட்டை மங்கலாவே பார்த்துப் பழகிட்டா, அப்புறம் எந்த லென்ஸ் போட்டாலும் முழுசா தெளியாம போகலாம் சார்" என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூளையின் பின்பக்கம், பார்வை முதலில் போய்ச் சேருகிற பகுதியில் ஒவ்வொரு செல்லுக்கும் பிடித்த கோட்டுச் சாய்வு ஒன்று உண்டு. நிமிர்ந்த கோட்டுக்குத் துடிக்கிற செல் படுத்த கோட்டுக்கு அசையாது. ஹியூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1950களின் கடைசியில், மூளைச் செல் எதற்குத் துடிக்கிறது என்று பார்க்கப் பூனைக்குக் கரும்புள்ளியைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோன நேரத்தில், ஸ்லைடைச் செருகும்போது அதன் ஓரத்து நிழல் ஒரு கோடாக நகர, அதற்குச் செல் படபடவென்று பொரிந்திருக்கிறது! 1981இல் நோபல் வாங்கினார்கள். எழுத்தோ முகமோ, மூளை கட்ட ஆரம்பிப்பது இந்தத் துண்டுக் கோடுகளை வைத்துத்தான்.

இனி குறை. நாலு நாள் என்றது பத்து நாளாச்சு, அது போகட்டும். போட்டதும் பையன் "அப்பா, தரை சாயுது" என்றான். கல்லாவில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் "பழகிடும்" என்றார். புது சிலிண்டருக்கு முதல் சில நாள் அப்படி இருக்கும், மூளை சரிக்கட்டிக்கொள்ளும் என்பதும் உண்மைதான், அதனால் ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். வாசலில் அவன் பாட்டி போட்ட கோலம் அப்போதும் அவனுக்குக் கோணலாகவே தெரிந்தது. வேறு கடையில் லென்ஸ் பவரை அளக்கிற மெஷினில் வைத்துப் பார்த்தால் ஆக்சிஸ் 165! 15 டிகிரிதானே என்று விட முடியாது, அந்த அளவு திரும்பினாலே ஏறக்குறைய பாதி சிலிண்டர் திருத்தாமல் நின்றுவிடும்.

கொஞ்சம் சத்தம் போட்டதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். போகிறவர்கள் கண்ணாடியைக் கையில் வாங்கும் முன் அங்கேயே மெஷினில் வைத்து ஆக்சிஸைக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸ் வேலைக்கு இரண்டு ஸ்டார், அதுவும் மாற்றித் தந்ததற்காக.