12 வோல்ட் லித்தியம் பெட்டிக்கு ஃபியூஸும் கேபிளும்: ஜாலான் பசாரில் வாங்கியது பற்றி

பசார் மாலாம் கடைக்கும், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கும் ஜெனரேட்டரை விட்டுவிட்டு லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைக்கலாமா என்று கேட்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம், புகையும் இல்லை சத்தமும் இல்லை. ஆனால் எல்லாரும் பேட்டரி என்ன பிராண்ட், இன்வெர்ட்டர் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் போகிற கேபிளையும் ஃபியூஸையும் மிச்சக் காசில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பேட்டரியில் இருக்கிற சக்தி அத்தனையும் அந்த வழியாகத்தான் போகவேண்டும், அதனால் இந்த விமர்சனம் அந்த இரண்டுக்கு மட்டும்.

நான் கட்டியது 12.8 வோல்ட், 200 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர். 2000-ஐ 12-ஆல் வகுத்தால் 167 ஆம்ப் வரும். இன்வெர்ட்டரே பத்து சதவீதம் போல எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால் 185 ஆம்ப். இது வீட்டுச் சுவரில் இருக்கும் 13 ஆம்ப் பிளக் உலகமே இல்லை. அதே 2000 வாட் சுவரில் 9 ஆம்ப்கூட எடுக்காது, அங்கே மெல்லிய வயர் தாங்கும், இங்கே தாங்காது.

முதலில் கேபிள். ஒரு பக்கம் 2 மீட்டர், போக வர 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 எம்எம் ஸ்கொயர் (உள்ளே இருக்கும் உலோகத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு) செம்பு கேபிளில் 185 ஆம்ப் ஓடினால் கிட்டத்தட்ட 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், அதாவது 150 வாட் சூடாக மாறுகிறது, அதுவும் மூடிய பெட்டிக்குள், அதுவும் கோலாலம்பூர் மத்தியானத்தில். 35 எம்எம்மில் அது 68 வாட், 70 எம்எம்மில் 34 வாட். நான் எடுத்தது 70, வெல்டிங் மெஷினுக்குப் போடுகிற ரப்பர் உறை கேபிள், உள்ளே மயிர் போன்ற மெல்லிய இழைகள் என்பதால் பெட்டிக்குள் நன்றாக வளைகிறது. அப்புறம் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் நெருக்கி வைத்து நீளத்தை ஒரு மீட்டருக்குக் குறைத்தேன், இழப்பு பாதியானது. கேபிளைத் தடிப்பாக்குவதற்கு முன்னால் குட்டையாக்கப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கார் ஆடியோ வகைக் கேபிளும் கொஞ்சம் வரவழைத்தேன். பார்க்கக் கட்டைவிரல் தடிமன், விலையும் மலிவு. வெட்டிப் பார்த்தால் தடிமன் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை, இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. விளம்பரத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்த விஷயம், ஏனென்றால் அலுமினியம் செம்பின் 61 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும், செம்பென்று நம்பிக் கணக்குப் போட்டு வாங்குகிறவர் குடும்பம் நடத்துகிற கடையில் இதைக் கொண்டுபோய் மாட்டுவார். கையில் தூக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்: செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம்.

சரி, ஃபியூஸ். ஃபியூஸ் இன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள், அது கேபிளைக் காப்பாற்றுவதற்கு. அதனால் அதன் அளவு நாம் எடுக்கும் கரண்டைவிடக் கூடவும், கேபிள் தாங்கும் கரண்டைவிடக் குறையவும் இருக்கவேண்டும். 185-க்கு மேல் கால் பங்கு சேர்த்தால் 231, கிடைக்கிற அளவு 250. கேபிள் 250-ஐத் தாங்கவேண்டும் என்பதால்தான் நான் 50-இல் நிற்காமல் 70-க்குப் போனேன்.

ஆனால் ஃபியூஸில் எழுதியிருக்கும் ஆம்ப் பாதிக் கதைதான். மீதிப் பாதி, ஷார்ட் ஆனால் எத்தனை ஆம்ப் வரை அதனால் அறுத்து நிறுத்த முடியும் என்பது. லித்தியம் பேட்டரிக்கு உள் எதிர்ப்பு மிகக் குறைவு. கேபிள், இணைப்பு எல்லாம் சேர்த்து 2 மில்லி ஓம் இருந்தாலே 12.8 வோல்ட்டில் 6,400 ஆம்ப் பாயும். ஃபியூஸில் பல வகை உண்டு. கார்களில் வரும் மெகா ஃபியூஸ் பொதுவாக 2,000 ஆம்ப் வரைதான் அறுக்கும். புளூ சீ நிறுவனத்தின் ஏஎன்எல் 6,000, பேட்டரி முனையிலேயே நேராக உட்காரும் எம்ஆர்பிஎஃப் 14 வோல்ட்டில் 10,000, கிளாஸ் டி (Class T) 20,000. அளவு மீறினால் ஃபியூஸ் உருகியும் நெருப்புப்பொறி நடுவில் நின்று எரிந்துகொண்டே இருக்கும். இந்தப் பெட்டிக்கு நான் போட்டது கிளாஸ் டி. ஒன்றின் விலையில் பெயரில்லாத ஏஎன்எல் பல வாங்கலாம், இருந்தாலும் போடுங்கள். ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி என்றால் எம்ஆர்பிஎஃப்பும் நல்ல தேர்வு, இடமும் குறைவு. இரண்டு மூன்று பேட்டரியைப் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைப்பவர்களுக்கு கிளாஸ் டி தவிர வேறெதையும் சொல்லமாட்டேன். பேட்டரிக்குள்ளேயே அதைக் காக்கும் சர்க்யூட், பிஎம்எஸ், இருக்கிறதே, அது நிறுத்தாதா என்று கேட்பார்கள். நிறுத்தும், ஆனால் அதுவும் எலக்ட்ரானிக் பாகம்தான், கெடும்போது கரண்டை நிறுத்த முடியாமல் விட்டுக்கொண்டே இருக்கும் நிலையில் கெடலாம்.

வீட்டுக்கு சோலார் வைத்து 48 வோல்ட் பேட்டரி வாங்கியவர்கள் கவனிக்கவும்: ஏஎன்எல்லும் மெகாவும் பெரும்பாலும் 32 வோல்ட் வரைக்கும்தான். 16 செல் பேட்டரி முழு சார்ஜில் 58.4 வோல்ட் போகும், எம்ஆர்பிஎஃப் 58-இல் நிற்கிறது. கிளாஸ் டி 125 வோல்ட் வரை. வீட்டு டிபி பெட்டியில் இருக்கும் சாதாரண எம்சிபியை (கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இங்கே மாட்டவே வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அங்கே பொறி தானாக அணையும், பேட்டரி தருகிற டிசி மின்சாரம் பூஜ்யத்துக்கே வராது. டிசி என்று எழுதியிருந்தாலும் பிளஸ் மைனஸ் குறி போட்ட எம்சிபி ஒரு திசைக்கு மட்டும் உரியது, பேட்டரியிலோ சார்ஜ் ஒரு பக்கம், டிஸ்சார்ஜ் மறு பக்கம்.

இப்போது கடை. புடுவில் ஜாலான் பசார் எலக்ட்ரானிக்ஸ் வரிசையில் பேட்டரி சாமான் விற்கும் ஒரு சிறிய கடை. தவுக்கே (கடை முதலாளி) பேச்சு குறைவு, ஆனால் கேபிளை வெட்டும் முன்னால் "பெராப்பா வாட்? பெராப்பா மீட்டர்?" (எத்தனை வாட், எத்தனை மீட்டர்) என்று கேட்டார், பதிலைக் கேட்டுவிட்டு நான் சொன்ன லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் துளையுள்ள உலோக முனை) மாற்றி இன்வெர்ட்டர் போல்ட்டுக்குச் சரியான துளை உள்ளதை எடுத்துக் கொடுத்தார். லக்கைக் கேபிளோடு அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் கிரிம்ப் அங்கேயே செய்து தருகிறார்கள், அறுகோணமாக, அழுத்தமாக. சுத்தியலால் அடித்து மூடிய லக் கொஞ்ச நாளில் சூடேறும். இங்கே செய்ததைப் பலமாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. குறை என்றால், கேபிள் சுருளில் பல அச்சு எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன, அளவை நாமே கேட்டு உறுதி செய்யவேண்டும். சனிக்கிழமை போனால் பார்க்கிங் கிடைப்பது பெரும்பாடு.

பெட்டி வேலை செய்கிறது. இன்வெர்ட்டரில் ரைஸ் குக்கரும் விளக்குகளும் சேர்த்து முழு லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்டி, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே பார்த்தேன். மற்றவற்றைவிட ஒரு இடம் அதிகம் காட்டினால் அங்கே நட் தளர்வு அல்லது லக்குக்கும் முனைக்கும் நடுவில் வாஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாஷர் எப்போதும் லக்குக்கு மேல்தான். ஃபியூஸ் பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்கட்டும், அதற்கு முந்தைய கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது. கிளாஸ் டி வாங்கும்போது ஸ்பேர் ஒன்றும் சேர்த்து வாங்கிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், பந்தல் நடக்கிற ராத்திரியில் தாமான் ஹார்டுவேர் கடையில் அது கிடைக்காது.