ட்ரூல்ஸில் ‘இல்லை’ என்று விதி எழுதுவது: பழகியும் தீராத எரிச்சல்

தொண்டியில் நண்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், தன் கொள்முதல் மென்பொருளுக்கு ட்ரூல்ஸ் ரூல் எஞ்சின் (‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளைத் தனியே எழுதி ஓட்டும் ஜாவா மென்பொருள்) ஒத்துவருமா என்று கேட்டார். மண்டபம் ஊரில் எங்களிடம் அது சில மீன்பிடித் தடைக்காலங்களைப் பார்த்துவிட்டது. வேகம், ஜாவா இணைப்பு எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது ‘நாட்’, அதாவது ‘இன்னது இல்லை என்றால்’ என்ற நிபந்தனை பற்றித்தான்.

எங்கள் முக்கியமான விதி, மீன்பிடிச் சான்று இல்லாத லாட் (ஒரு தொகுதிச் சரக்கு) ஐரோப்பாவுக்குப் போகக் கூடாது என்பது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் சான்று அது. இங்கே கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பீடா தருகிறது. விதியில் ‘நாட்’ போட்டுச் சான்றைக் குறித்தால், எஞ்சின் பார்ப்பது அந்த நொடியில் தன் நினைவகத்தில் சான்று இருக்கிறதா என்பதை மட்டும். சான்று வாங்கி மேசையிலேயே இருக்கலாம், நெட் மெதுவாகி பதிவு வழியில் நிற்கலாம். எஞ்சினுக்கு அது இல்லாததுதான். ‘லாட் நிறுத்தம்’ என்று கிடங்குக்குச் செய்தி போய்விடும். சான்று அப்புறம் வந்தாலும் போன செய்தி போனதுதான். எந்தச் சான்று இல்லை என்று செய்தியிலேயே சொல்லவும் வழியில்லை. ‘நாட்’டுக்குள் வைத்த மாறியை வெளியே எடுக்க முடியாது. இல்லாத ஒன்றிலிருந்து எதை எடுத்துக் காட்டுவது?

இதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்ததும் இருக்கிறது. நிறுத்தத்தை ‘இன்சர்ட்லாஜிக்கல்’ (காரணம் இருக்கும்வரை மட்டும் ஒரு பதிவை வைத்திருக்கும் கட்டளை) வழியாக நினைவகத்தில் சேர்த்தால், சான்று உள்ளே வந்ததும் அது தானாக விலகிவிடும். நீக்கத் தனி விதி எழுத வேண்டியதில்லை. திரையில் நிறுத்தத்தைக் காட்டும் சிவப்பு வரி கண்ணெதிரே மறைவதைப் பார்க்க இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. இவ்வளவு நேர்த்தியாக இதை யோசித்தவர்களை மனசார மெச்சுகிறேன்.

ஆனால் அடைப்புக்குறி விஷயம் பொறுமையைச் சோதிக்கும். சான்றையும் வெப்பநிலைப் பதிவையும் ஒரே அடைப்புக்குள் ‘அண்ட்’ போட்டுச் சேர்த்து, வெளியே ‘நாட்’ வைத்தால், இரண்டில் ஒன்று குறைந்தாலும் விதி பாயும். இரண்டுக்கும் தனித்தனியாக ‘நாட்’ வைத்தால் இரண்டுமே இல்லாதபோதுதான் பாயும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும்.

அதைவிட மோசம் ‘!=’, அதாவது ‘சமமல்ல’ என்ற குறி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, வல்லம் மாதிரி நாட்டுப்படகு போகும். அதனால் ‘படகு வகை != நாட்டுப்படகு’ என்றால் லாட்டை நிறுத்து என்று விதி வைத்திருக்கிறோம். விடியற்காலை அவசரத்தில் யாராவது வகையை நிரப்பாமல் விட்டால், காலியான கட்டமும் ‘நாட்டுப்படகு அல்ல’ என்றே ஆகிறது. பாம்பன் வல்லத்துக்காரர் கொண்டுவந்த நல்ல கணவாய், ஐஸ் கரையக் கரைய வாசலில் நிற்கும். எஞ்சின் கணக்கில் அது சரியாகவே இருக்கட்டும், அந்த மனிதரிடம் போய் யார் விளக்குவது? விதியைத் திருப்பி, விசைப்படகு என்று பதிவானதை மட்டும் நிறுத்தினால், கட்டத்தைக் காலியாக விட்ட விசைப்படகும் தப்பிவிடும்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் விதிகள் ஒரு தாளில் அடங்கும், சாதாரண இஃப்-எல்ஸ் போதும். நான் இதை விடப்போவதில்லை, அது வேறு. இல்லை, போட்டே தீருவேன் என்றால், படகு வகையை நிரப்பாமல் லாட்டைச் சேமிக்க முடியாதபடி முதலில் செய்யுங்கள். விதி எழுதுவதெல்லாம் அப்புறம்.